நேரம் யாருடைய பணம்?

ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த ஜார்ஜ் வெப்புக்கு நாடக நடிகராக வேண்டும் என்று ஆசை. மூன்று மாதச் செலவுக்கான பதினைந்து கினி கைக்கு வந்ததும் இருந்த கடன்களை அடைக்காமல் ஊரைவிட்டுக் கிளம்பினார். மாணவர் அங்கியை வழியில் ஒரு புதரில் ஒளித்துவைத்துவிட்டு லண்டனுக்கு நடந்தே போனார். அங்கே நாடகக்காரர் யாரும் அவரைச் சீண்டவில்லை. காசு கரைந்தது, உடுப்புகள் அடகுக்குப் போயின. பசியோடு தெருவில் அலைந்த ஒரு நாள் யாரோ கையில் ஒரு துண்டறிக்கையைத் திணித்தார்கள். அமெரிக்காவில் வேலை செய்ய எழுதிக்கொடுத்தால் உடனே சாப்பாடு என்றது அது. வெப் கையெழுத்துப் போட்டார், கப்பலில் ஏற்றினார்கள். ஃபிலடெல்பியாவில் கெய்மர் என்ற அச்சகக்காரர் அவருடைய நான்கு ஆண்டு நேரத்தை விலைகொடுத்து வாங்கினார். அப்போதும் வெப்புக்கு வயது பதினெட்டைத் தாண்டவில்லை.

இந்தக் கதையைச் சொல்பவர் 1720களின் பிற்பகுதியில் அதே அச்சகத்தில் வேலை பார்த்த பெஞ்சமின் பிராங்க்ளின். கெய்மர் வாங்கியது வெப்பின் ‘நேரத்தை’ என்றே தன் சுயசரிதையில் எழுதுகிறார். அதை விளக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை; ஊரில் எல்லாரும் அப்படித்தான் பேசினார்கள். சில காலம் கழித்து ஒரு பெண் பணம் கடன் கொடுக்க, வெப் தன் மிச்ச நேரத்தைக் கெய்மரிடமிருந்து தானே விலைக்கு வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். வந்து, அதற்குள் தனிக்கடை போட்டுவிட்ட பிராங்க்ளினிடம் வேலை கேட்டார்.

‘டைம் இஸ் மணி’ என்ற ஆங்கிலத் தொடரை உலகெங்கும் பரப்பியவர் இந்த பிராங்க்ளின்தான். நம் ஊரில் அது ‘காலம் பொன் போன்றது’ என்று பள்ளிச் சுவரிலும் பேருந்திலும் ஏறி, சோம்பேறிப் பிள்ளைகளுக்கான உபதேசமாகிவிட்டது. ஆங்கிலத்திலும் இன்று அதை உருவகமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டு ஃபிலடெல்பியாக்காரருக்கு அது உருவகமல்ல, சந்தை நிலவரம். ஒப்பந்த வேலையாள் ஒருவரின் மிச்சமுள்ள மூன்று ஆண்டு, நான்கு ஆண்டு ‘நேரம்’ விற்பனைக்கு என்ற விளம்பரங்கள் அன்றைய பத்திரிகைகளில் சர்வசாதாரணம். பிராங்க்ளினே நடத்திய ‘பென்சில்வேனியா கெஜட்’டிலும் அவை வந்தன. அதே பத்திரிகையில் அடிமைகளை விற்கும் விளம்பரங்களும் வந்தன. பிராங்க்ளின் வீட்டிலும் அடிமைகள் இருந்தார்கள். அடிமையின் விஷயத்தில் ‘நேரம்’ என்று பிரித்துச் சொல்லும் மரியாதைகூடக் கிடையாது. ஆளோடு சேர்த்து ஆயுள் முழுவதும் விற்பனையானது.

பிராங்க்ளின் கையால் தொடர் அச்சேறியது 1748இல். ஜார்ஜ் ஃபிஷர் தொகுத்த ‘அமெரிக்கன் இன்ஸ்ட்ரக்டர்’ என்ற கைநூலின் ஒன்பதாம் பதிப்பை பிராங்க்ளினும் அவருடைய பங்காளி டேவிட் ஹாலும் ஃபிலடெல்பியாவில் அச்சிட்டார்கள். கணக்கு, கடிதம், கைத்தொழில் எல்லாம் சொல்லித்தரும் புத்தகம் அது. அதில் ‘இளம் தொழில்காரனுக்கு ஒரு கிழவன் எழுதிய அறிவுரை’ என்ற தலைப்பில் இரண்டொரு பக்கக் கட்டுரையைப் பிராங்க்ளின் சேர்த்தார். அந்தக் ‘கிழவனுக்கு’ அப்போது வயது 42.

கட்டுரையின் முதல் அறிவுரையே இந்தத் தொடர்தான். உடனே கணக்கு வருகிறது. ஒருவன் உழைத்தால் நாளொன்றுக்குப் பத்து ஷில்லிங் ஈட்டுவான். அரைநாள் ஊர்சுற்றுகிறான், சுற்றியதில் ஆறு பென்ஸ் செலவு. செலவு ஆறு பென்ஸ்தான் என்று அவன் நினைத்தால் தப்பு, ஈட்டாமல் விட்ட ஐந்து ஷில்லிங்கையும் அவன் தொலைத்திருக்கிறான் என்கிறார் பிராங்க்ளின். ஒரு ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்ஸ். ஆக, பையிலிருந்து போனது ஆறு, பைக்கு வராமலே போனது அறுபது. கண்ணுக்குத் தெரியும் செலவைவிடத் தெரியாத செலவு பத்து மடங்கு. பொருளாதார மாணவர்கள் இன்று ‘வாய்ப்புச் செலவு’ என்று படிப்பது இதைத்தான். அந்தப் பெயர் ஏற்படுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முன்னாலேயே ஓர் அச்சகக்காரர் கடைக்காரர்களுக்குப் புரியும்படி அதைச் சொல்லி முடித்துவிட்டார்.

இந்த உதாரணத்தில் ஒரு விஷயம் கண்ணில் படாமல் நழுவிவிடுகிறது. நாளுக்குப் பத்து ஷில்லிங் அன்றைய கூலியாள் நினைத்துப் பார்க்கும் வருமானமல்ல. சொந்தப் பட்டறையும் சொந்த வாடிக்கையாளரும் உள்ள தொழில்காரன்தான் அதை ஈட்ட முடியும். அரைநாள் வேலையை நிறுத்துவதும் தொடர்வதும் அவன் இஷ்டம். கூடுதலாக உழைத்தால் அந்தக் காசு அவன் பைக்கே வரும். கெய்மரின் அச்சகத்தில் எழுத்துக் கோத்த ஜார்ஜ் வெப்புக்கு இந்தக் கணக்கு செல்லாது. அவர் அரைநாள் சும்மா இருந்தால் நட்டம் கெய்மருக்கு. முழுநாள் மாடாய் உழைத்தாலும் லாபம் கெய்மருக்கே. ‘நேரம் பணம்’ என்ற வாக்கியம் வெப்பைப் பொறுத்தவரை முழு உண்மை. பணம் யாருடையது என்பதில்தான் சிக்கல்.

பிராங்க்ளினுக்கு இது தெரியாததல்ல. பன்னிரண்டு வயதில் அவருடைய நேரமும் எழுதிக்கொடுக்கப்பட்டதுதான். வாங்கியவர் சொந்த அண்ணன் ஜேம்ஸ்; பாஸ்டனில் அச்சகம் வைத்திருந்தார். இருபத்தோரு வயதுவரை வேலை செய்ய வேண்டும் என்பது ஒப்பந்தம். 1723இல், பதினேழு வயதில், பிராங்க்ளின் ஓடிப்போனார். கண்டிப்பான கணக்கு பார்த்தால் அண்ணனுக்குச் சொந்தமான சில ஆண்டுகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அறிவுரைக் கட்டுரை வெளிவந்த 1748ஆம் ஆண்டிலேயே அவர் அச்சகத் தொழிலிலிருந்தும் ஒதுங்கினார். ஹால் பதினெட்டு ஆண்டுகள் அச்சகத்தை நடத்துவது, லாபத்தில் பிராங்க்ளினுக்குப் பாதி என்று ஏற்பாடு. மின்சாரத்தைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற ஆய்வுகளில் பெரும்பகுதி இப்படிக் கிடைத்த ஓய்வில் நடந்தவை. நேரம் பணம் என்று ஊருக்குச் சொன்ன அதே ஆண்டில் அவர் பணத்தைக் கொடுத்து நேரத்தை வாங்கினார். இதில் முரண்பாடு எதுவும் இல்லை. சூத்திரம் இரண்டு பக்கமும் ஓடும் என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்?

தொடரைப் பிராங்க்ளின் உருவாக்கினார் என்று பல மேற்கோள் அகராதிகள் சொல்லிவந்தன. உண்மையில் 1719இலேயே லண்டனில் வந்த ‘ஃப்ரீ திங்கர்’ என்ற இதழில் இதே மூன்று சொற்கள் அச்சாகியிருக்கின்றன. அங்கே அதைச் சொல்பவர் ஒரு செருப்புத் தொழிலாளியின் மனைவி. கணவர் கைதேர்ந்த வேலைக்காரர். நிமிடங்கள் போவதைப் பற்றித்தான் கவலையே கிடையாது. மனைவி இந்த வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறார். கணவர் காதில் ஏறவில்லை. கடைசியில் தொழில் நொடித்துப்போகிறது. இன்னும் பின்னால் போனால், நேரம்தான் மனிதன் செய்யும் செலவுகளிலேயே விலை உயர்ந்தது என்ற கருத்தை அரிஸ்டாட்டிலின் மாணவர் தியோபிராஸ்டஸ் அடிக்கடி சொல்வார் என்று டயோஜீனிஸ் லேயர்ஷியஸ் குறித்துவைத்திருக்கிறார். ஆக, சரக்கு பழையது. ஆனால் தத்துவவாதியின் பொன்மொழிக்கும் செருப்புத் தொழிலாளியின் மனைவி படும் கவலைக்கும் தூரம் அதிகம். அந்த அம்மாள் பேசியது கடையைப் பற்றி, மறுநாள் சாப்பாட்டைப் பற்றி. தொடருக்கு உயிர் வந்தது அங்கேதான் என்பது என் எண்ணம்.

பிராங்க்ளினின் கட்டுரைக்கு வருவோம். முதல் அறிவுரையை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள், இரண்டாவதைக் கேட்க ஆளில்லை. அது, கடன் பெறும் தகுதியும் பணம்தான் என்பது. உன் நாணயத்தை நம்பி ஒருவர் தன் பணத்தை உன் கையில் விட்டுவைத்தால், அந்தக் காலத்துக்கான வட்டி அல்லது அந்தப் பணத்தைக்கொண்டு நீ ஈட்டுவது உனக்கு லாபம். மூன்றாவது, பணம் குட்டிபோடும் என்பது. ஐந்து ஷில்லிங்கைப் புரட்டினால் ஆறு, ஆறைப் புரட்டினால் ஏழே கால், இப்படியே நூறு பவுண்டுவரை. சினைப்பன்றியைக் கொல்பவன் அதன் வம்சத்தையே அழிக்கிறான் என்று ஒரு கரடுமுரடான உவமையும் உண்டு. நான்காவது, ஆண்டுக்கு ஆறு பவுண்டு வட்டி என்பது நாளுக்கு நாலு பென்ஸ்தான், அந்தச் சில்லறைக்கு நூறு பவுண்டு உன் கையில் புழங்கும் என்பது. போட்டுப் பார்த்தேன், கணக்கு சரியாகவே வருகிறது.

இவற்றைச் சேர்த்துப் படித்தால் முதல் வாக்கியத்தின் பொருள் மாறிவிடும். நேரம் பணமாவது இரண்டு வழிகளில். ஒன்று உழைப்பு வழி, மற்றது வட்டி வழி. இரண்டாவது வழியில் யாரும் வியர்வை சிந்த வேண்டியதில்லை. நாள்காட்டி தாள் தாளாக நகர்ந்தால் போதும். சுத்தியல் சத்தம் அதிகாலை ஐந்து மணிக்கே கேட்டால் கடன் கொடுத்தவர் இன்னும் ஆறு மாதம் பொறுப்பார், மதுக்கடையில் உன் குரல் கேட்டால் மறுநாளே பணத்தைத் திருப்பிக் கேட்பார் என்கிறார் பிராங்க்ளின். உழைப்பதே போதாது, உழைப்பது கடன்காரர் காதில் விழவும் வேண்டும். சமூகவியலாளர் மேக்ஸ் வெபர் 1904–05இல் எழுதிய புகழ்பெற்ற ஆய்வில் இந்தப் பகுதிகளை எடுத்துக்காட்டி, முதலாளித்துவத்தின் ஆன்மாவை இவ்வளவு பச்சையாக வேறெங்கும் காண முடியாது என்ற தொனியில் பேசினார். உழைப்பை அறமாக ஆக்கிய புராட்டஸ்டண்ட் மனநிலையைத்தான் அவர் இதில் கண்டார். எனக்கென்னவோ இதில் சமயத்தைவிடக் கடைத்தெரு வாடைதான் தூக்கலாக இருக்கிறது.

சமயத்தின் பழைய நிலைப்பாடு இதற்கு நேரெதிரானது. இடைக்கால ஐரோப்பாவில் வட்டிக்கு விடுவது பாவம். ஏன் பாவம் என்பதற்குப் பதின்மூன்றாம் நூற்றாண்டின் தாமஸ் ஆஃப் சோபம் போன்ற குருமார்கள் சொன்ன காரணம் கூர்மையானது. வட்டிக்காரன் கடனாளிக்குத் தன்னுடைய பொருள் எதையும் விற்கவில்லை. நேரத்தைத்தான் விற்கிறான், நேரமோ கடவுளுடையது. அடுத்தவர் பொருளை விற்பவனுக்கு என்ன பெயரோ அதுதான் அவனுக்கும். பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஜாக் லெ கோஃப் 1960இல் எழுதிய ஒரு கட்டுரையில், திருச்சபையின் நேரத்துக்கும் வணிகனின் நேரத்துக்கும் நடந்த இந்த நீண்ட மல்லுக்கட்டை விரித்துக் காட்டினார். வணிகன் வென்றான் என்பதற்கு ‘டைம் இஸ் மணி’யே சாட்சி. நேரத்தைக் கடவுளிடமிருந்து மீட்டாயிற்று. அடுத்து அது யார் கைக்குப் போனது?

பெரும்பாலும் ஆலை முதலாளி கைக்கு. இங்கிலாந்தின் க்ரௌலி இரும்பாலையில் 1700 வாக்கில் எழுதப்பட்ட சட்டப் புத்தகம் ஒன்று இருக்கிறது. ஆலைக் கண்காணிப்பாளரின் கடிகாரத்தைத் தவிர வேறு எந்தக் கடிகாரத்தையும் மணியையும் வைத்து யாரும் நேரம் கணக்கிடக் கூடாது, அந்தக் கடிகாரத்தையும் பொறுப்பாளர் தவிர யாரும் தொடக் கூடாது என்று அது விதிக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பஞ்சாலைகளில் நிலைமை இன்னும் மோசம். காலையில் கடிகாரத்தை முன்னே தள்ளிவைப்பது, மாலையில் பின்னே இழுத்துவைப்பது சாதாரணம். ஸ்காட்லாந்தின் டண்டீ நகர ஆலைச் சிறுவன் ஒருவனின் வாழ்க்கைக் கதையாக 1850இல் வெளிவந்த நூல், சொந்தக் கடிகாரம் கொண்டுவரத் தொழிலாளர்கள் அஞ்சியதையும், மணி பார்க்கத் தெரிந்ததாகக் காட்டிக்கொண்டவருக்கு வேலை போனதையும் சொல்கிறது. இவற்றையெல்லாம் 1967இல் ஒரே கட்டுரையில் திரட்டியவர் வரலாற்றாசிரியர் ஈ. பி. தாம்சன். அவர் சொன்ன மூன்று தலைமுறைக் கதை முக்கியமானது. முதல் தலைமுறைத் தொழிலாளிக்கு நேரத்தின் அருமையை முதலாளி கற்பித்தார். இரண்டாம் தலைமுறை வேலை நேரத்தைக் குறைக்கக் குழு அமைத்தது. பத்து மணி நேரச் சட்டம் 1847இல் வந்தது. மூன்றாம் தலைமுறை கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கூலி கேட்டது. நேரம் பணம் என்ற பாடத்தை அவர்கள் நன்றாகவே படித்துக்கொண்டார்கள். படித்த பிறகு அதை வாத்தியாருக்கே திருப்பிச் சொன்னார்கள்.

சென்னையில் இது நடந்தது 1918இல். பெரம்பூர் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் மதியச் சாப்பாட்டுக்குக் கிடைத்தது அரை மணி நேரம். தறியை விட்டு வெளியே வருவது, கை கழுவுவது, சாப்பிடுவது, திரும்பி ஓடுவது எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ஆலைத் தொழிலாளிகள் தங்கள் குறைகளைச் சொல்லிக்கொண்டது அந்தப் பகுதியில் துணிக்கடை வைத்திருந்த செல்வபதி செட்டியாரிடமும் இராமானுஜுலு நாயுடுவிடமும். அவர்கள் அன்னி பெசன்ட் அம்மையாரின் சகாவான பி. பி. வாடியாவை அழைத்துவந்தார்கள். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது, திரு.வி.க. அதன் தூண்களில் ஒருவரானார். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று வரலாற்றில் அதற்கு இடம் உண்டு. அதன் ஆரம்பக் கோரிக்கைகளில் ஒன்று அந்த அரை மணியைச் சற்றே நீட்டித் தர வேண்டும் என்பது. சோறு தின்னச் சில நிமிடங்கள். இவ்வளவு சிறிய அளவில் நேரத்தின் விலையை நம் ஊரில் வேறு யாரும் எண்ணிப் பார்த்ததாக நான் படித்ததில்லை.

இப்போது தொடரின் இன்றைய வழக்கைப் பார்க்கலாம். ஆங்கிலத்தில் அது எப்போதும் முழு வாக்கியமாகவே வரும். காலம், இடம் பார்த்து வடிவம் மாறாது. பெரும்பாலும் அடுத்தவரை அவசரப்படுத்தச் சொல்லப்படுகிறது. கூட்டம் இழுத்துக்கொண்டே போனால் தலைமையில் இருப்பவர் சொல்வார். கட்டடம் முடியத் தாமதமானால் ஒப்பந்தக்காரர் கொத்தனாரிடம் சொல்வார். கொத்தனார் ஒப்பந்தக்காரரிடம் சொன்னால் அதற்குப் பொருளே வேறு. காத்திருக்க வைத்த நேரத்துக்குக் கூலி எங்கே என்று கேட்கிறார் என்று அர்த்தம். ரயிலை விட்டு விமானத்தில் போகிறவர் தன் செலவுக்குச் சமாதானமாக இதே தொடரைச் சொல்லிக்கொள்வதும் உண்டு. மேலிருந்து கீழே சொன்னால் கட்டளை, கீழிருந்து மேலே சொன்னால் கோரிக்கை, தனக்குத்தானே சொன்னால் சாக்கு. அகராதிகள் ‘நேரத்தை வீணாக்காதே என்பதற்கான அறிவுரை’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. யார் யாரிடம் சொல்கிறார் என்பதைப் பார்க்காமல் இந்தத் தொடருக்குப் பொருள் எழுதுவது அரைகுறை வேலை.

நேரத்தைச் செலவழிப்பது, சேமிப்பது, ஒதுக்குவது, முதலீடு செய்வது என்று ஆங்கிலம் நேரத்துக்குப் பயன்படுத்தும் வினைச்சொற்களில் பாதி கல்லாப்பெட்டியிலிருந்து வந்தவை என்பதை லேக்காஃப், ஜான்சன் இருவரும் 1980இல் வெளியிட்ட உருவகங்கள் பற்றிய நூல் பிரபலமாக்கியது. மொழியியல் மாணவர்கள் அதை விடாமல் மேற்கோள் காட்டுவார்கள். இங்கே இவ்வளவு போதும்.

தொடரை எழுத்துக்கு எழுத்து நடைமுறையாக்கியவர்கள் அமெரிக்க வழக்கறிஞர்கள். முன்பு வழக்குக்கு இவ்வளவு என்று கட்டணம் இருந்தது. 1958இல் அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் ஒரு சிறுநூல் வெளியிட்டது. மருத்துவர்களின் வருமானம் ஏறுகிறது, நம்முடையது தேங்கிவிட்டது, செலவிடும் நேரத்தைக் குறித்துவைத்துக் கட்டணம் வாங்குங்கள் என்பது அதன் சாரம். ஆண்டுக்கு 1,300 மணி நேரத்துக்குக் கட்டணம் போட முடியும் என்று அது கணித்தது. இன்று அங்குள்ள பெரிய சட்ட நிறுவனங்கள் இளம் வழக்கறிஞரிடம் 1,900, 2,000 மணி நேரம் எதிர்பார்ப்பது வழக்கமாகிவிட்டது. ஒரு மணி நேரத்தைப் பத்தாகப் பிரித்து, ஆறு நிமிடத்தை ஓர் அலகாக எழுதுகிறார்கள். இரண்டு நிமிடத் தொலைபேசிப் பேச்சு ஆறு நிமிடமாகப் பில்லில் ஏறும். வேலையைச் சீக்கிரம் முடிப்பவருக்குக் குறைந்த பணம் என்ற விசித்திரமும் இதோடு வந்து சேர்ந்தது. சுறுசுறுப்புக்காக எழுதப்பட்ட தொடர் கடைசியில் மெத்தனத்துக்குக் கூலி கொடுக்கும் ஏற்பாடாக முடிந்ததைப் பிராங்க்ளின் பார்த்திருந்தால் நிச்சயம் கேலிக் கட்டுரை ஒன்று எழுதியிருப்பார்.

வட்டி வழியில் நேரம் பணமாவதை நாம் ஆங்கிலத்திலிருந்து கற்க வேண்டியதில்லை. தமிழ்நாடு அரசின் 2003ஆம் ஆண்டு அதீத வட்டித் தடைச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். நாள் வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் பெயராகச் சட்டமே வரையறுக்கிறது. மணி வட்டி என்றால் மணிக்கணக்கில் ஏறும் வட்டி. காலையில் சரக்கு எடுக்கக் கடன் வாங்கி, விற்று, அன்றைக்கே திருப்பித் தருகிற தள்ளுவண்டிக்காரரிடம் போய் நேரம் பணம் என்று யாரும் உபதேசம் செய்ய வேண்டியதில்லை. பிராங்க்ளின் ஆண்டு வட்டியை நாளுக்கு நாலு பென்ஸ் என்று உடைத்துக் காட்டியது கடன் எவ்வளவு மலிவு என்று புரியவைக்க. தண்டல்காரர் நாள் கணக்காக உடைப்பது கடன் எவ்வளவு கொடிது என்று தெரியாமலிருக்க. வகுத்தல் கணக்கு ஒன்றுதான்.

பிராங்க்ளின் தன் தொடரை நம்பினார் என்பதற்கு அவருடைய உயில் ஆதாரம். 1785இல் மாத்தோன் த லா கூர் என்ற பிரெஞ்சுக்காரர் பிராங்க்ளினின் சிக்கன உபதேசங்களைக் கிண்டல் செய்து ஒரு கதை எழுதினார். சிறு தொகையை வட்டிக்கு விட்டு ஐந்நூறு ஆண்டு வளரவைத்து உலகத்துக்கே நன்மை செய்யத் திட்டம் போடும் ஒருவரின் உயில் அது. பிராங்க்ளின் கோபித்துக்கொள்ளவில்லை. யோசனை நன்றாக இருக்கிறதே என்று எடுத்துக்கொண்டார். 1789இல் தன் உயிலில் சேர்த்த பிற்சேர்க்கையில், பிறந்த ஊர் பாஸ்டனுக்கும் வாழ்ந்த ஊர் ஃபிலடெல்பியாவுக்கும் தலா 1,000 பவுண்டு எழுதிவைத்தார். ஊரிலேயே தொழில் பழகி முடித்த, 25 வயதுக்கு உட்பட்ட, திருமணமான கைவினைஞர்களுக்கு அதிலிருந்து ஐந்து சதவீத வட்டிக்குக் கடன் கொடுக்க வேண்டும். ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்காக அவர்கள் அடைக்க வேண்டும். நூறு ஆண்டில் தொகை 1,31,000 பவுண்டாகும் என்று கணக்குப் போட்டு, அதில் பெரும்பகுதியை ஊர்ப்பணிக்கு எடுத்துக்கொண்டு, மிச்சத்தை இன்னொரு நூறு ஆண்டு விட்டுவைக்கச் சொன்னார்.

அடுத்த ஆண்டு அவர் இறந்தார். இரு நகரங்களும் கடன் கொடுக்கத் தொடங்கின. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எஜமானரிடம் ஆண்டுக்கணக்கில் தொழில் பழகும் முறையே ஒழிந்து ஆலைகள் பெருகின. பிராங்க்ளின் மனத்தில் வைத்திருந்த அந்த இளம் தொழில்காரன், சொந்தச் சுத்தியலும் சொந்த நேரமும் உள்ளவன், அரிதானான். கடன் கேட்க ஆள் குறைந்தது. பாஸ்டன் அறங்காவலர்கள் பணத்தில் பெரும்பகுதியை ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் போட்டுவைத்தார்கள். ஃபிலடெல்பியா தனியாட்களுக்குக் கடன் கொடுப்பதையே தொடர்ந்தது. 1990இல் இருநூறு ஆண்டுக் கெடு முடிந்தபோது ஃபிலடெல்பியாவில் இருந்தது 20 லட்சம் டாலருக்குச் சற்று மேல். பாஸ்டனில் அதைப் போல இரு மடங்குக்கும் அதிகம். முதல் நூறு ஆண்டின் பணத்தைக்கொண்டு, ஆண்ட்ரூ கார்னகியின் நன்கொடையையும் சேர்த்து, 1908இல் பாஸ்டனில் ஒரு தொழிற்கல்விக்கூடம் திறக்கப்பட்டது. பிராங்க்ளின் பெயரோடு அது இன்றும் நடக்கிறது.